எலிப்பொறிக் கட்டுச் சுவருக்குள் உமி கொட்டலாமா?

கேள்வி: எட்டு வருடத்துக்கு முன் எலிப்பொறிக் கட்டில் சுவர் வைத்து, மேலே தளம் போட்டு வீடு கட்டினோம். சுவருக்குள் பொந்து இருப்பதால் வெயில் தாக்காது என்றார்கள். ஆனால் மேற்குப் பக்க அறையில் ராத்திரி பத்து மணிக்கும் அனல் அடிக்கிறது. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் என் மாமனார் அந்த அறையில்தான் இருக்கிறார். விதைக்கடலை மூட்டைகளும் அங்கேதான். சுவரில் துளை போட்டு நுரை அடைத்துத் தருவதாக ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். அரிசி ஆலையில் உமி சும்மா கிடைக்கிறதே, அதைக் கொட்டிவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். எது நல்லது?
- ஒரு வாசகி, செங்கம் வட்டம்

பதில்: சுவரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், அம்மா. உங்கள் மாமனாரின் கட்டிலை இன்றைக்கே கிழக்குப் பக்க அறைக்கோ காற்று வரும் திண்ணைக்கோ மாற்றிவிடுங்கள். பக்கவாதம் வந்தவர்கள் தாகத்தையும் புழுக்கத்தையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மருத்துவர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள், கேட்காமலே அடிக்கடி கொடுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் ஈரத்துணி போர்த்திவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சுவர் வேலை பத்து நாள் தள்ளிப் போகலாம், இது போகக்கூடாது.

இனி அனல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். காசு செலவழிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் நுரையும் வீண், உமியும் வீண். கோழிக்குஞ்சுக் கொட்டகையில் தொங்கவிடும் சாதாரண வெப்பமானி இரண்டு வாங்குங்கள். ஒன்றை மேற்குச் சுவரின் உட்பக்கத்திலும், மற்றதைத் தளத்தின் அடிப்பக்கத்திலும், குமிழ் நன்றாக ஒட்டும்படி நாடா போட்டு ஒட்டி, மேலே கொஞ்சம் பஞ்சு வையுங்கள். மூன்று நாள், பகல் மூன்று மணி, மாலை ஆறு மணி, இரவு ஒன்பது மணிக்குப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பமானி கிடைக்கவில்லையா? உள்ளங்கையை வைத்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

மேல்மாடி இல்லாத வீடுகளில் பெரும்பாலும் தளம்தான் சுவரைவிடச் சுடும். நம் பக்கத்தில் ஏப்ரல் பின்பகுதியிலும், மறுபடி ஆகஸ்டிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து போகிறது. காலை எட்டு மணி முதல் மாலை வரை தளம் காய்கிறது. மேற்குச் சுவர் மதியத்துக்கு மேல்தான் வெயில் வாங்குகிறது. ஆனால் வாங்கிய சூட்டைச் செங்கல் பிடித்துவைத்து, சில மணி நேரம் கழித்து உள்ளே விடும். உங்கள் அறையில் இரவு பத்து மணிக்கும் அனல் அடிப்பது இதனால்தான். மேலே தளமும் பக்கத்தில் சுவரும் சேர்ந்து கொதிக்கும் அறை அது.

அடுத்து, சுவர் உண்மையிலேயே எலிப்பொறிக் கட்டுதானா, பொந்து பொந்தாகவே இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு இல்லாத இடத்தில் செங்கல் குத்துக்கல்லாக நிற்கும். ஒரு முழு நீளக் கல், அடுத்து ஒரு கல்லின் தலைப்பக்கம், மறுபடி முழுக் கல் என்று மாறி மாறித் தெரியும். பூசிய சுவரை உளிக்கட்டையின் கைப்பிடியால் தட்டினால் வெற்றோசை கேட்கும். அங்கங்கே திண்ணென்று கேட்டால், கட்டும்போது கலவை உள்ளே விழுந்து அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். சுவரின் தலை வரி, ஜன்னல் ஓரம், குழாய் நுழையும் இடம் எல்லாம் முக்கியம். அங்கே ஓட்டை இருந்தால் காற்று அடைபட்டு நிற்காமல் உள்ளே சுற்றும். எலியும் தேனீயும் குடியேறும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். அந்த ஓட்டைகளை எல்லாம் கலவை வைத்து அடைப்பதுதான் இந்தச் சுவருக்கு நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை. ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை.

உமி வேண்டாம் என்பேன். தட்டுமுட்டு இடங்களில் உமி நல்ல சூடு தடுப்பான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆலை உமியில் தவிட்டுத் தூளும் நொய்யும் கலந்திருக்கும், பூச்சிக்கும் எலிக்கும் அது விருந்து. சாரல் மழையில் வெளிப்பூச்சின் விரிசல் வழியாக இறங்கும் நீர், பொந்து காலியாக இருந்தால் வெளிக்கல்லின் பின்புறமாகவே வழிந்துவிடும். உமி இருந்தால் அதை உறிஞ்சி உள்சுவருக்குக் கொண்டுபோகும். பூச்சு உப்பி, பூஞ்சணம் பிடிக்கும், கரையானும் தேடி வரும். போகப்போக உமி அமுங்கி மேல்பாதி காலியாகும். உள்ளே மின்கம்பிக் குழாயும் போகிறது, தீப்பொறி பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். போட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

நுரைக்கும் இந்தச் சுவருக்கும் ஒத்துவராது. குளிர் நாடுகளில் இரண்டு தனித்தனிச் சுவர்களுக்கு நடுவே நீளமாக இடைவெளி விட்டு, அதில் அடைக்கிறார்கள். நம் எலிப்பொறிக் கட்டில் ஒன்பது அங்குல முழுக் கல்லுக்கு அடுத்து, மூன்று அங்குல அகலத்தில் ஒரு கல் வெளியிலிருந்து உள்வரை குறுக்கே நிற்கிறது. ஆக ஒவ்வொரு அடியிலும் கால்வாசி இடம் பொந்தே இல்லாத செங்கல். எதை அடைத்தாலும் அந்தக் கல் வழியே சூடு வந்துகொண்டுதான் இருக்கும். அதற்கு 60,000 ரூபாய் அதிகம்.

அந்தப் பணத்தில் சிறு பகுதியை மொட்டை மாடியில் போடுங்கள். தளத்தைக் கூட்டிக் கழுவி, விரிசல்களை அடைத்து, நீற்றிய சுண்ணாம்பில் கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டு கலந்து இரண்டு கை அடியுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் மாசி மாதத்துக்குள் மறுபடி அடிக்கவேண்டும், மழைக்கு அது நிற்காது. தெலங்கானா அரசு 2023-இல் கூரையைக் குளிர்விப்பதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது, அதன் அடிப்படையும் வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைதான். வசதி வரும்போது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை போட்டு மேலே தட்டோடு பதித்தால் இன்னும் நல்லது. ஆனால் தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மேற்குச் சுவருக்கு நிழல் வேண்டும். இந்தக் கோடைக்குத் தென்னங்கீற்றுத் தட்டி போதும், சுவரோடு ஒட்டாமல் ஒன்றரை அடி தள்ளிக் கட்டுங்கள். அடுத்த கோடைக்குத் தை மாதத்தில் பீர்க்கு விதைத்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் பந்தலில் ஏற்றினால் வெயில் முற்றும்போது நிழலும் இருக்கும், கறிக்கும் ஆகும். வருடம் முழுக்க வேண்டுமென்றால் கோவைக் குச்சி நடுங்கள். பாய்ச்சும் தண்ணீர் கடைக்காலில் தேங்கக்கூடாது. முருங்கை மட்டும் ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம், கம்பளிப்பூச்சி இறங்கினால் படுக்கையில் இருப்பவர் பாடு சொல்லி மாளாது. மேற்கு ஜன்னலைப் பகலில் சாத்தி, இரவில் எல்லா ஜன்னலையும் திறந்துவையுங்கள்.

விதைக்கடலைக்கு வருகிறேன். விதை இருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை சேமிப்பில் பழைய கணக்கு. அந்த அறையில் நீங்கள் இழப்பது எவ்வளவு என்று இதிலிருந்தே தெரியும். உடைக்காமல் காயாகவே, ஈரம் 9 சதவீதத்துக்கு மேல் போகாமல், கிழக்கு அறையில் மரப்பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். இப்போதே மூட்டைக்குக் கொஞ்சமாக எடுத்து, 100 பருப்பை ஈர மணலில் போட்டுப் பாருங்கள். 70-க்குக் கீழே முளைத்தால் அது விதைக்கு ஆகாது. எண்ணெய்க்குப் போட்டுவிட்டு, விலை ஏறும் முன் வேறு விதைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: புதிதாக வீடு கட்டுகிறோம். எலிப்பொறிக் கட்டை நம்பலாமா?
- ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: நம்பலாம். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை அது. சாதாரண ஒன்பது அங்குலச் சுவரைவிடச் செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சமாகும், கலவையும் குறையும். ஆனால் கல் எல்லாம் ஒரே அளவில், முனை உடையாமல் இருக்கவேண்டும். கோணல்மாணலான சூளைக்கல் என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். அடி வரி, ஜன்னலின் கீழ் வரி, லிண்டல் வரி, தலை வரி இவற்றைப் பொந்து விடாமல் கட்டச் சொல்லுங்கள். மின்குழாய் எங்கே போகிறது என்று கட்டும் முன்பே தீர்மானித்துவிடுங்கள், பிறகு சுவரை வெட்டுவது தொல்லை. இந்தக் கட்டில் ஏற்கனவே கட்டிப் பழகிய கொத்தனாரைத் தேடுங்கள். அவர் கட்டி நாலைந்து மழை பார்த்த வீடு ஒன்று இருந்தால், போய் அதன் மேற்கு அறையில் ஒரு மாலை உட்கார்ந்துவிட்டு வந்து முன்பணம் கொடுங்கள்.