முகாம் நடத்தினால் போதுமா? கடன் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பகுதிக் கல்லூரிகளில் 'தொழில்முனைவோர் விழிப்புணர்வு முகாம்' நடக்கிறது. குத்துவிளக்கு, சிறப்புரை, சான்றிதழ், குழுப்படம். பிறகு எத்தனை பேர் தொழில் தொடங்கினார்கள் என்ற கணக்கை எந்த மேடையிலும் சொல்வதில்லை. ஆனால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் துணிச்சல் இல்லை" என்று மட்டும் பேசுகிறார்கள். இதை வன்மையாக மறுக்கிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் ஷூவின் மேற்பகுதியான அப்பர் தைக்கும் தாய்மார்களின் பிள்ளைகள் இவர்கள். தோலின் தரமும் பீஸ் கூலியும் வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்தவர்கள்.

பிறகு ஏன் தயங்குகிறார்கள்? ஒருவர் ஒரு செயலில் இறங்க நினைப்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்று உளவியலாளர் ஐசக் அய்சன் 1991-இல் எழுதினார்: அதில் விருப்பம், வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை. முகாம் முதலாவதைத்தான் தொடுகிறது. இரண்டாவதைப் பொறுத்தவரை, பெற்றோர் "டி.என்.பி.எஸ்.சி. எழுது" என்பதற்கும் காரணம் உண்டு. தோல் கழிவு மாசு வழக்கில் வந்த 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டித் தோல் தொழிற்சாலைகள் மூடப்பட்டதையும், 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்ததையும் பார்த்தவர்கள் அவர்கள்.

மூன்றாவதை உடைப்பது வங்கி. பட்டம் முடித்த என் மகள் தோல் பை தைக்கும் சிறு கூடம் வைக்க எட்டு லட்சம் ரூபாய்க்குத் திட்ட அறிக்கையோடு ஒரு வங்கிக்குப் போனாள். "வீட்டுப் பத்திரம் இருக்கா?" என்றார்கள். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே கூறிவிட்டது. கடன் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதும் அதன் நெறிமுறை. எங்களுக்கு வாய்ப்பேச்சில் 'இல்லை' என்றார்கள், அவ்வளவுதான். மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி., நீட்ஸ் என்ற சுயதொழில் திட்டங்களில் 25 சதவீத மானியம் உண்டு. வங்கி கடன் தந்தால்தானே மானியம் வரும்? இன்று என் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். அவளோடு சேர்ந்து தொழில் செய்ய இருந்த தோழிகளும் பின்வாங்கிவிட்டார்கள். ஒருத்திக்குச் சொன்ன மறுப்பு இத்தனை பேரின் எண்ணத்தை மாற்றிவிடுகிறது.

திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர் கவனத்துக்கு: ஒவ்வொரு முகாமிலும் வங்கி அலுவலர்கள் அமர்ந்து விண்ணப்பம் பெற வேண்டும். எந்த வங்கி எத்தனை விண்ணப்பங்களை, என்ன காரணத்தால் மறுத்தது என்பதை மாவட்டத் தொழில் மையம் மாதந்தோறும் வெளியிட வேண்டும். முகாமுக்கு வந்தோர் எண்ணிக்கை வேண்டாம். தொடங்கிய தொழில்களின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பட்டதாரிப் பெண்ணின் தந்தை,
நாட்றம்பள்ளி.