குதிரை வாங்குமுன் கொள்ளு விலை

துடியலூரில் எந்தப் புது வண்டி வந்து நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: 'ஏனுங்க, லிட்டருக்கு எத்தன குடுக்குது?' வந்தது ஃபெராரியே ஆனாலும் கேள்வி மாறாது.

இன்க்ரிமென்ட் வாங்கிய கையோடு ஸ்போர்ட்ஸ் கார் கனவு காணும் வாலிபருக்கு இது எரிச்சல். 'அதுல போயி மைலேஜ் கேக்கறது, கல்யாணப் பந்தியில உக்காந்து சர்க்கரை டெஸ்ட் பண்ற மாதிரி!' என்பார்.

பி.காம். படித்தவன் பேனாவை எடுப்பான். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 20 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு 5,000 ரூபாய். 10 கொடுக்கும் காருக்கு 10,000. ஐந்து வருடத்தில் வித்தியாசம் 3 லட்சம்! தவணை, இன்ஷூரன்ஸ், அகல டயர் எல்லாம் தனி.

அத்தனையும் எங்கே போகிறது? மேட்டுப்பாளையம் ரோட்டில் சிக்னலுக்கு சிக்னல் பிரேக் போடுகிறீர்களே, பெட்ரோல் எரித்துச் சேர்த்த வேகம் அங்கே வெறும் சூடாகிப் போகிறது. வண்டி எவ்வளவு கனமோ அவ்வளவு நஷ்டம். சரி, காலி ரோட்டில் பறக்கலாம் என்றால், 60-லிருந்து 120-க்குப் போகும்போது காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு!

அப்படியானால் மைலேஜா, பவரா? இதற்கு நம்ம கோயமுத்தூர்க்காரர் கரிவரதன் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். மாமியாரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகும் மாருதி 800-ன் அதே 796 சிசி இன்ஜினை வைத்து, ஒருத்தர் மட்டும் உட்காரும் 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரை உருவாக்கினார். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரரான நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது இந்த வண்டியைத்தான். இன்ஜின் பெரிதாகவில்லை, எடைதான் குறைந்தது.

ஆகவே ஷோரூமில் குதிரைத்திறனை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எடையையும் கேளுங்கள். 1,800 கிலோ காருக்கு 150 குதிரை என்றால் டன்னுக்கு 83. ஆயிரம் கிலோ காருக்கு 100 குதிரை என்றால் டன்னுக்கு முழுசாக 100! சின்னதுதான் துள்ளும், குடிப்பதும் குறைச்சல்.

வேகம் பார்த்தே தீரவேண்டுமா? 1995-ல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் பெயரிலேயே செட்டிபாளையத்தில் 2003 முதல் பந்தயப் பாதை இருக்கிறது. வேகத்துக்கு இடம் அதுதான். துடியலூர் சந்தை வாசல் அல்ல.

இத்தனைக்கும் பிறகு மனசு அந்த 150 குதிரையைத்தான் கேட்கிறதா? சம்பளம் தாங்கினால் வாங்குங்கள், சந்தோஷமும் ஒரு செலவுதான். கணக்கு எழுதும்போது மட்டும் அதை 'முதலீடு' பக்கத்தில் எழுதிவிடாதீர்கள்!