அசைந்தது எந்தப் பிளவு?

1992 ஜூன் 28 விடியற்காலையில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாண்டர்ஸ் என்னுமிடத்தில் 7.3 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. பாலைநிலத்தில் பல கிலோமீட்டர் தூரம் தரை பிளந்து கிடந்ததால், அசைந்த பிளவுகள் எவை என்பதில் ஐயமே எழவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, மேற்கே பிக்பேர் மலைப்பகுதியில் இன்னொரு நடுக்கம், அளவு 6.5. அங்கோ தரையில் வெடிப்பையே காணோம்!

நில அதிர்வுமானியின் முதல் அலைகளைக் கொண்டு பார்த்தால், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்கள் கிடைக்கும். அவற்றுள் எது அசைந்திருந்தாலும் பதிவு ஒன்றுபோலவே இருக்கும். எனவே தகைவு மாற்றக் கணக்கைத் துணைக்கு அழைக்கிறார்கள். ஒரு பிளவு நழுவினால் சுற்றுப்புறப் பாறைகளில் சில இடங்களில் தகைவு கூடும், சில இடங்களில் குறையும். தளத்தைச் சறுக்கத் தூண்டும் தகைவு எவ்வளவு கூடியது என்று பார்க்க வேண்டும். தளத்தை இறுக்கும் தகைவு எவ்வளவு குறைந்தது என்று கண்டு, அதை உராய்வுக் கெழுவால் பெருக்கி அதனுடன் கூட்ட வேண்டும். மின்னூட்ட விதியில் நீங்கள் அறிந்த அதே கூலும் பெயரால்தான் இதுவும் வழங்குகிறது. கிங், ஸ்டைன், லின் ஆகியோர் 1994-இல் வெளியிட்ட கணக்கின்படி, லாண்டர்ஸ் நடுக்கம் பிக்பேரில் ஏறத்தாழ 3 பார் தகைவைக் கூட்டியது. 30 மீட்டர் ஆழ நீரின் அழுத்தம், அவ்வளவுதான்.

இரண்டாம் நடுக்கம் அங்கே ஏன் வந்தது என்பதற்கு இது நல்ல விளக்கம். ஆனால் இரண்டு தளங்களில் அசைந்தது எது என்று தீர்ப்புச் சொல்ல இக்கணக்கு மட்டும் போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன். காரணம் எளிய இயற்பியல். செங்குத்தான இரு தளங்களிலும் சறுக்குத் தகைவு சமமாகவே இருந்தாக வேண்டும். இல்லையெனில் பாறைத்துண்டு பம்பரம்போல் சுழலத் தொடங்கிவிடும்! ஆகவே வேறுபாடு முழுவதும் இறுக்கத்திலும் உராய்வுக் கெழுவிலும் வந்து நிற்கிறது. அந்தக் கெழுவை 0.4 என்று கொள்வது வழக்கம். ஆழத்தில் நீர் ஊறிய பாறைக்கு அது பெரிதும் மாறக்கூடியது. இத்தனை பாரத்தையும் அந்த ஒரு எண் தாங்குமா?

பிக்பேரில் பின்னதிர்வுகள் வடகிழக்காக வரிசைகட்டி நின்றன. அதுவே எனக்கு வலுவான சாட்சி. தளத்தைத் தவறாகக் கொண்டால், அடுத்து எந்தப் பிளவில் தகைவு ஏறியிருக்கிறது என்ற கணக்கும் தவறிவிடும். அப்பிளவின்மேல் ஊர்கள் இருக்கின்றன அல்லவா?

பிளவு இன்னதென்று ஐயமின்றித் தெரிந்த இடத்தில் இக்கணக்கின் மதிப்பே வேறு. துருக்கியின் வட அனத்தோலியப் பிளவில் இஸ்மித் நகரின் பக்கம் தகைவு ஏறியிருப்பதாக 1997-இலேயே ஸ்டைனும் கூட்டாளிகளும் எழுதினார்கள். 1999 ஆகஸ்ட் 17 அன்று அங்கே நடுக்கம் வந்தது. 17,000 பேருக்கு மேல் மாண்டனர்.