எல்லை அறியாப் பறவைகள்

பாறசாலையிலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் சாலையில் அடுத்து வரும் ஊர் களியக்காவிளை. 1956 நவம்பர் 1 முதல் கேரளமும் தமிழகமும் இங்கே பிரிகின்றன. பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுகிறது. சோதனைச் சாவடி நிற்கிறது. ஆனால், திருவனந்தபுரம் மாவட்டத்து வெள்ளாயணி ஏரியிலும் குமரி மாவட்டத்துச் சுசீந்திரம், தேரூர்க் குளங்களிலும் இரை தேடும் நீர்ப்பறவைகள் இந்த எல்லையை அறியா. அவற்றைக் காக்கும் சட்டமும் இருபுறமும் ஒன்றே.

அது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். தொடக்கத்தில், உரிமம் பெற்றோர் சில பறவைகளையும் விலங்குகளையும் வேட்டையாட இச்சட்டம் இடமளித்தது. 1991இல் கொண்டுவந்த திருத்தம் அவ்வழியை அடைத்தது. காடை, கவுதாரி, காட்டுக்கோழி ஆகியவற்றை இன்று காட்டிலோ வயலிலோ வேட்டையாடுவது குற்றம். வேட்டை என்றதும் துப்பாக்கியே நம் நினைவுக்கு வரும். சட்டம் கூறும் பொருளோ விரிந்தது. கண்ணி வைப்பதும், பறவையின் முட்டையைச் சிதைப்பதும், கூட்டைக் கலைப்பதும் வேட்டையே. இதற்குச் சிறைத்தண்டனையும் உண்டு.

"வயலுக்கு வரும் பறவையைப் பிடித்து உண்பது முன்னோர் வழக்கம்தானே? அதைத் தடுப்பது முறையா?" என்று சிலர் கேட்பர். இக்கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. முன்னோர் காலத்தில் குளங்களும் நெல்வயல்களும் மிகுந்திருந்தன. இன்று வயல்கள் பல வாழைத்தோப்புகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. தங்குமிடத்தை இழந்த உயிரை வேட்டையும் துரத்தினால் அது எங்கே செல்லும்? இறைச்சி வேண்டுவோர்க்குப் பண்ணையில் வளரும் கோழியும் காடையும் உள்ளன. எனவே, தடை முறையானதே.

எனினும், சட்டம் மட்டும் போதாது என்பதே என் கருத்து. குளந்தோறும் ஒரு காவலரை நிறுத்த இயலாது. காக்க வேண்டியது ஊர்தான். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலே இதற்குச் சான்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் நெற்பயிருக்கு உரமாவதை அவ்வூர் உழவர் அறிந்திருந்தனர், வேட்டையைத் தடுத்தனர். பறவைகளைக் காக்கும் அவர்களது உரிமையை 1798இல் ஆட்சியர் லயோனல் பிளேஸ் எழுத்தில் வழங்கினார். 1972ஆம் ஆண்டின் சட்டம் வந்தது அதற்கு 174 ஆண்டுகளுக்குப் பின்னரே.

மாணவர்களே! வேலை தேடி எல்லை கடந்து வந்த குடும்பங்கள் நம்முடையவை. புகலிடத்தின் அருமையை நாம் அறிவோம். வழியோரம் காட்டுப்பறவை விற்கப்பட்டால், வாங்க வேண்டாம் என வீட்டாரிடம் கூறுங்கள். குளக்கரையில் கண்ணியைக் கண்டால், நீங்களே அகற்ற முயலாமல் பெரியோர் வழியாக வனத்துறைக்குத் தெரிவியுங்கள். வாங்கும் கை நின்றால் கண்ணி வைக்கும் கையும் நிற்கும்.

சொற்பொருள்
உரிமம் – அரசு எழுத்தில் தரும் அனுமதி
கண்ணி – பறவைகளைப் பிடிக்க வைக்கும் சுருக்கு
எச்சம் – பறவையின் கழிவு

சிந்தித்து எழுதுக
1. சட்டத்தின்படி எவையெல்லாம் வேட்டை ஆகும்?
2. 'முன்னோர் வழக்கம்' என்னும் வாதத்திற்கு ஆசிரியர் தரும் விடையை நீ ஏற்கிறாயா? காரணம் கூறுக.