பூப்பையின் பொறுப்பு யாருடையது?

மாட்டுத்தாவணி மலர்ச்சந்தைக்கு நாம் வெறுங்கையுடன் செல்கின்றோம். மல்லிகையைப் பூக்காரர் மெல்லிய பிளாஸ்டிக் பையில் இட்டுத் தருகின்றார். இத்தகைய பை முதலிய 14 வகைப் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடைசெய்துள்ளது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கிற்று. ஆயினும் பை ஒழிந்தபாடில்லை. குற்றம் அரசினதோ, வாங்குவோரதோ?

இவ்வினாவிற்கு நம் நகரின் பழைய நிகழ்ச்சியொன்று துணைசெய்யும். 1921-இல் காந்தியடிகள் மதுரைக்கு வருங்கால், கதர் விலைமிக்கது, வாங்க இயலாத ஏழைகள் யாம் என உடன் பயணம் செய்தோர் கூறினர். அடிகள் அவர்மேல் பழி சுமத்தினாரல்லர். செப்டம்பர் 22ஆம் நாள், மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, தாமே அரையாடைக்கு மாறினார். தெரிந்தெடுக்கும் வசதி எவர்க்கு மிகுதியோ அவரே முற்பட வேண்டுமென்பது இதனால் நாம் கொள்ளும் கருத்து.

பூக்காரரிடம் அபராதம் தண்டுதல் எளிது. பை செய்யும் ஆலையை மூடுவித்தலோ அரசினாலன்றி ஆகாது. அரிதாயினும் அதனையே அரசு முதலிற் செய்க. அதுகாறும் காத்திருப்போமென்று நாம் சொல்லலாமோ? நம்முள் பலர்க்கு வறுமையென்னும் சாக்கும் இல்லை. திருமண வீட்டில் தாம்பூலத்தோடு தந்த மஞ்சட்பைகள் நம் அடுக்களை ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.