சபா யானைகள் சுல்தான் விட்டுச்சென்றவை அல்ல

சபாவில் யானைக் கூட்டம் செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்ததாகச் செய்தி வந்தால் போதும், மஸ்ஜித் இந்தியா சாப்பாட்டுக் கடைகள்வரை ஒரு பேச்சு கிளம்பிவிடும். "அது காட்டு யானையே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1750 வாக்கில் சுலு சுல்தானுக்குப் பரிசாகக் கொடுத்தது. அவர் போர்னியோவில் கொண்டுபோய் விட்டார், பெருகிவிட்டது" என்பார்கள். வெளியிலிருந்து வந்த விலங்குக்கு இத்தனை செலவு எதற்கு, பிடித்து உள்காட்டில் விட்டால் தீர்ந்தது என்ற முடிவும் கூடவே வரும். இந்தப் பேச்சை மூன்றாகப் பிரிக்கலாம்: யானை அந்நியம், யானை பெருகிவிட்டது, பிடித்து விட்டால் பிரச்சினை தீரும். மூன்றுமே ஆதாரத்தின் முன் நிற்பதில்லை.

முதலில் பரிசுக் கதை. 1521இல் மெகல்லனின் கப்பல்களோடு வந்த பிகாஃபெட்டா, புருணை அரண்மனைக்குத் தங்களை யானைமேல் ஏற்றிச் சென்றதாக எழுதிவைத்திருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியதே அதற்கு 79 ஆண்டுகள் கழித்துத்தான். அவை வளர்ப்பு யானைகள் என்பதால் காட்டு யானைக்கு அது சான்றாகாது எனலாம். சரி, மரபணுவைப் பார்ப்போம். இலங்கை அறிவியலாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, போர்னியோ யானைகளின் மரபுவழி மற்ற ஆசிய யானைகளிடமிருந்து சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தது என்றது. 2018இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, அவை இத்தீவை அடைந்தது 11,400 முதல் 18,300 ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தது. அப்போது கடல்மட்டம் தாழ்ந்திருந்தது. சுமத்திராவும் ஜாவாவும் போர்னியோவும் மலாய்த் தீபகற்பத்தோடு ஒரே நிலமாகக் கிடந்தன. இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லையே என்று கேட்கலாம். மரபுவழி பிரிந்த காலமும் தீவில் குடியேறிய காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் கணக்கை எடுத்தாலும் அதில் சுல்தானுக்கு இடமில்லை.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. போர்னியோவில் யானையின் புதைபடிவம் மிக அரிது. யானைகள் தீவு முழுக்கப் பரவாமல் சபாவிலும் அதை ஒட்டிய வட கலிமந்தானிலும் மட்டுமே வாழ்கின்றன. இதை வைத்து, இவை ஜாவாவிலிருந்து சுலு வழியாக மனிதர் கொண்டுவந்த யானைகளின் வழித்தோன்றல்கள் என்று சில அறிஞர்கள் எழுதினார்கள். அதையே உண்மை என்று வைத்துக்கொள்வோம். ஜாவா யானை பூண்டோடு அழிந்து பல நூற்றாண்டு ஆகிறது. அப்படியானால் சபாவில் எஞ்சி நிற்பவை உலகின் கடைசி ஜாவா யானைகள். அவற்றைக் காக்கும் கடமை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. எத்தனை தலைமுறை வாழ்ந்தால் ஒரு மண்ணுக்கு உரியவர் ஆகலாம் என்ற கேள்வியைத் தன் காதாலேயே கேட்டுப் பழகிய நம் சமூகம், அதே கேள்வியை யானையிடம் கேட்க அவசரப்படக் கூடாது.

அடுத்து, பெருகிவிட்டது என்பது. 2024 ஜூனில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் போர்னியோ யானையைத் தனியாக மதிப்பிட்டு, அழியும் ஆபத்தில் உள்ளது என்று அறிவித்தது. மிஞ்சியிருப்பவை சுமார் 1,000. அவற்றில் இனம்பெருக்கும் வயதில் இருப்பவை ஏறக்குறைய 400தான். கடந்த 40 ஆண்டுகளில் அவற்றின் காட்டில் சுமார் 60 விழுக்காடு போய்விட்டது. யானை அடிக்கடி கண்ணில் படுவது கூட்டம் கூடியதால் அல்ல, ஒதுங்க இடம் குறைந்ததால். 2013 ஜனவரியில் குனோங் ராரா வனக் காப்பகத்தில் 14 யானைகள் விஷத்தால் இறந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. செத்துக் கிடந்த தாயை மூன்று மாதக் குட்டி தும்பிக்கையால் எழுப்பப் பார்த்த படம் உலகமெங்கும் போனது. ஆயிரத்தில் பதினான்கு என்பது சில்லறைக் கணக்கல்ல.

மூன்றாவது, பிடித்து விடுவது. தீபகற்பத்தில் 1974 முதல் இதைத்தான் செய்துவருகிறோம், தொல்லை ஓயவில்லை. செமினியில் உள்ள நாட்டிங்காம் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இயங்கிய ஆய்வுக் குழு, தீபகற்பத்திலும் போர்னியோவிலும் கழுத்துப்பட்டை மாட்டிய 102 யானைகளின் நடமாட்டத்தை ஆராய்ந்தது. அவை பாதி நேரத்துக்கு மேல் பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு வெளியேதான் இருந்தன. புல்லும் மூங்கிலும் இளங்குருத்தும் காட்டின் விளிம்பில்தான் தாராளம். சபாவில் நடந்த ஆய்விலும் யானைகள் நெடிய முதுகாட்டைவிட உயரம் குறைந்த காட்டையே விரும்பின. உள்காட்டில் இறக்கிவிட்ட யானை திரும்பி வருவது பிடிவாதத்தால் அல்ல. சோறு இருக்கும் இடம் அந்த விளிம்புதான்.

யானையால் வரும் நட்டம் பொய்யில்லை. ஓர் இரவில் இளங்கன்றுகளைப் பிடுங்கிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போனால் சிறு தோட்டக்காரருக்கு ஆண்டுக் கணக்கில் வருமானம் போகும். ஆனால் வளர்ந்த செம்பனைக்கு யானையால் பெரிய கேடு இல்லை. எனவே கன்று நட்ட பகுதிக்கு மட்டும் மின்வேலி போட்டு, முதிர்ந்த மரங்களுக்கு இடையிலும் ஆற்றோரத்திலும் வழி விடுவதே நடக்கக்கூடிய தீர்வு. ஆற்றங்கரையில் 20 மீட்டர் விட வேண்டும் என்று சபாவின் 1998ஆம் ஆண்டு நீர்வளச் சட்டமே சொல்கிறது. கினபாத்தாங்கான் ஆற்றின் கரையில் அந்த ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே துண்டாகிக் கிடக்கும் காடுகள் ஓரளவு சேரும். 2020 முதல் 2029 வரைக்கான யானைச் செயல்திட்டமும் சபாவின் கையில் இருக்கிறது.

நம் அடுப்படி எண்ணெயும் குளியலறைச் சவர்க்காரமும் செம்பனையிலிருந்து வருபவை. அதனால் இந்த விவகாரம் தென்சீனக் கடலுக்கு அப்பால் உள்ளவர்களுடையது மட்டுமல்ல. சுல்தான் கதையை அடுத்தவருக்குச் சொல்வதை நிறுத்திவிட்டு, யானைக்கு வழி விடும் தோட்டத்தின் எண்ணெய் எது என்று கடைக்காரரையும் நிறுவனங்களையும் கேட்கத் தொடங்குவோம்.