கறுப்புக் காரின் மெருகு

வீட்டாருக்குப் பெருமையையும் கவலையையும் ஒருங்கே அளிப்பதில் கறுப்பு நிறக் காருக்கு நிகர் இல்லை. மாலை வேளையில் முற்றத்தில் நிற்கும்போது அது நிலைக்கண்ணாடியை ஒத்திருக்கும். மறுநாள் நண்பகல் வெயிலில் வெளியே எடுத்தவுடனோ, சூரியனின் பிம்பம் விழும் இடத்தைச் சுற்றி ஆயிரம் நுண்ணிய கீறல்கள் சிலந்தி வலை பின்னினாற்போலத் தோன்றும். மூச்சுப் பட்ட கண்ணாடி போன்ற ஒரு மங்கலும் மேலே படர்ந்திருக்கும். "வண்டிக்கு வயதாகிவிட்டது" என்று சிலர் தம்மைத் தேற்றிக்கொள்வர். வேறு சிலர் உடனே கராஜுக்குக் கொண்டுசென்று 'கட் அன்ட் பொலிஷ்' செய்விப்பர். இவ்வாரம் நாம் சொல்லவிருப்பது முக்கியமாக இரண்டாமவருக்கு.

கீறல் வந்த வழி

இக்கீறல்களுள் பெரும்பாலானவை தெருவில் உண்டானவை அல்ல. வீட்டு முற்றத்தில் நம் கையாலேயே இடப்பட்டவை. அலுவலுக்குப் புறப்படும் அவசரத்தில் தூசியை உலர்ந்த துணியால் துடைக்கிறோம். ஒரே வாளி நீரில் துணியைத் திரும்பத் திரும்பத் தோய்த்துக் கழுவுகிறோம். நிலத்தில் விழுந்த ஸ்பொஞ்சை உதறிவிட்டு மீண்டும் தேய்க்கிறோம். தூசி என்று நாம் இலேசாகச் சொல்வதில் நுண்மணல் கலந்திருக்கிறது. அது வர்ணத்திலும் பார்க்க மிகக் கடினமானது. துணிக்கும் வர்ணத்துக்கும் இடையே அகப்பட்ட ஒரு மணல், கை சென்ற வழியெல்லாம் கோடிட்டுச் செல்லும்.

வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. ஆனால் வெள்ளை வர்ணம் தன்மேல் விழும் ஒளியை நாற்புறமும் சிதறடிப்பதால், கீறல் சிதறும் சிறிதளவு ஒளி அதனுள் மறைந்துபோகிறது. கறுப்போ உள்ளே புகும் ஒளியை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். மேற்பரப்பிலிருந்து கண்ணாடிபோல் திரும்பும் ஒளி மட்டுமே எஞ்சும். அந்த இருண்ட பின்னணியில் ஒவ்வொரு கீறலும் வெள்ளி இழைபோல் மின்னுகிறது. கீறல்கள் வட்டமாகத் தெரிவதும் கண்ணின் மயக்கமே. அவை எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. ஒளியின் வழிக்குக் குறுக்கே கிடப்பவை மாத்திரம் நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்புகின்றன. தலையைச் சற்று அசைத்தால் வட்டமும் கூடவே நகர்வதைக் காணலாம்.

மயிரிழையிலும் மெல்லிய சேமிப்பு

இக்காலக் கார்களில் நிற வர்ணத்தின்மேல் 'கிளியர் கோட்' என்னும் நிறமற்ற பூச்சு இருக்கிறது. கீறல்களுட் பெரும்பாலானவை அதில்தான் உள்ளன. அதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் வரை. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரொன்றின் தடிப்போ ஏறத்தாழ 70 மைக்ரோன். மயிரிழையிலும் மெல்லிய இப்பூச்சுத்தான் வெயிலுக்கும் நிறத்துக்கும் இடையே நின்று காவல் செய்கிறது.

பொலிஷ் செய்தல் என்பது எதையோ பூசுவது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பொலிஷில் உள்ள நுண்ணிய அராவுத் தூள், கீறலின் அடிமட்டம் வரும்வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் குறைக்கிறது. ஒவ்வொரு முறையும் சேமிப்பிலிருந்து கொஞ்சம் செலவாகிறது; செலவானது திரும்பி வராது. புதுவருஷத்துக்கு ஒரு முறை, கலியாணத்துக்கு ஒரு முறை என்று கடினமான கொம்பவுண்டால் தேய்த்து வந்தால், சில ஆண்டுகளில் மேற்பூச்சு வெயில் தாங்காது வெளுத்து உரியத் தொடங்கும். பின்னர் மறுபடி பெயின்ற் அடிப்பதன்றி வேறு வழியில்லை. 2020 முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த நம் நாட்டில், ஒரே காரை நீண்டகாலம் பேணவேண்டிய குடும்பங்கள் பல. அவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

பழைய மொறிஸ் மைனர் போன்ற வண்டி வைத்திருப்போர்க்கு ஒரு குறிப்பு. அவற்றின் பழைய பெயின்றில் கிளியர் கோட் இல்லை. தேய்க்கும் துணி கறுத்தால் அது அழுக்கு என்று மகிழவேண்டாம், வருவது வர்ணமேதான்.

செய்யும் முறை

வண்டியை நன்றாகக் கழுவி, ஒட்டியுள்ள துணிக்கைகளை இதற்கென விற்கும் களிமண் கட்டியால், வழுக்கும் நீர்மம் தெளித்து அகற்றுக. நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போதே வேலையைத் தொடங்குக. விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு மெல்லியதாயிருக்கும். அவற்றின்மேல் மாஸ்கிங் ரேப் ஒட்டுக. பிளாஸ்திக் பம்பர் சூட்டை எளிதில் கடத்தாது. அங்கே அதிகம் அழுத்தலாகாது.

முதலில் அரை மீற்றர் சதுரமான ஓரிடத்தில், மென்மையான ஸ்பொஞ்சும் மிக மென்மையான பொலிஷும் கொண்டு பரீட்சை செய்க. மூன்று நான்கு துளி பொலிஷ் போதும். சுழன்றவாறே அதிரும் 'டூவல் அக்ஷன்' இயந்திரம் பழகாதவர்க்கு ஏற்றது. ஒரே அச்சில் சுழலும் 'றோட்டரி' விரைவாக வெட்டும். பழகாத கையில் பூச்சைச் சுட்டுவிடும். இயந்திரத்தை மெதுவாக, நெடுக்கும் குறுக்கும், நான்கு முதல் ஆறு தடவை கொண்டுசென்று துடைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் பார்க்க. கீறல் போகாவிடின் அடுத்த கடினமான பொலிஷுக்குச் செல்லலாம். நகத்தில் தடுக்கும் ஆழமான கீறலை விட்டுவிடுக. அதனைத் துரத்தினால் கிளியர் கோட்டின் அடிவரை சென்றுவிடுவோம்.

மங்கல் ஏன்?

கீறல் போனபின்னும் கறுப்பில் புகைபோன்ற மங்கல் நிற்குமாயின், கடினமான பொலிஷ் தானே விட்டுச்சென்ற நுண்கீறல்களே அது என்று கொள்க. றோட்டரியாயின், வெயிலில் அதன் பாதை வழியே பட்டை பட்டையாக அலையும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: புதிய மென் ஸ்பொஞ்சும் நுண்பொலிஷும் கொண்டு இலேசான அழுத்தத்துடன் இறுதித் தடவை. அழுக்கேறிய ஸ்பொஞ்சே பல வேளை மங்கலுக்குக் காரணம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதனைத் தூரிகையால் சுத்தஞ் செய்க.

சில பொலிஷ்களில் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும். அவை கீறலை நிரப்பி மறைத்துவிடும். சில மழைக்குப் பின் கீறல் மீண்டும் முகங்காட்டும். ஆதலால் கராஜில் பணம் கொடுக்குமுன், நீர் கலந்த ஐசோபுரோப்பைல் அற்ககோலால் ஓரிடத்தைத் துடைக்கச் சொல்லி வெயிலில் பார்ப்பது புத்திசாலித்தனம்.

முடிவில் மெழுகு பூசுக. அது சில வாரங்களேனும் நீரையும் தூசியையும் விலக்கும். கீறலைத் தடுக்கும் கவசம் அது அன்று. கீறலைத் தடுப்பது கழுவும் முறையே. சவர்க்கார நீருக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. முதலில் நீர் பாய்ச்சி மணலை இறக்குதல். மேலிருந்து கீழாகக் கழுவுதல். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தல். இவற்றை வீட்டிலுள்ள அனைவரும், வண்டி கழுவ உதவும் பிள்ளைகளும், கைக்கொண்டால் அடுத்த பொலிஷைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். பணமும் மிஞ்சும், மேற்பூச்சும் மிஞ்சும்.